ஊர் கூடி வரைந்த படம்

மூன்றாம் ஆண்டு அமைப்பியல் மாணவன்



'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். சிவில் படிக்க வந்த பிறகு நான் முதன்முதலாகச் சொந்தமாகப் போட்ட பிளான் அந்தச் சுரைக்காயாகத்தான் இருந்தது. அது எப்படிக் கறிக்கு உதவுகிற காயாக மாறியது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதியிருக்கிறேன். கூடவே, மக்களையும் சேர்த்துக்கொண்டு திட்டம் போடுவது என்றால் என்ன, அதை உலகில் யார் எப்படிச் செய்து காட்டினார்கள் என்பதையும் எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

எங்கள் தெரு

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா கொத்தனார். அம்மா சித்தாள். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஆனால் ஒரு சுவரைத் தூரத்தில் நின்று பார்த்தே தூக்கு சரியில்லை என்று சொல்லிவிடுவார்.

எங்கள் தெருவில் 34 வீடுகள். கிழக்கே மெயின் ரோடு, மேற்கே சீமைக்கருவேலப் புதர். சில வருடங்களுக்கு முன்பு தெருவின் ஒரு பக்கம் சாக்கடை கட்டினார்கள். அந்த வேலையில் அப்பாவும் தினக்கூலிக்குப் போனார். இரண்டாம் நாளே, "மட்டம் சரியில்ல, தண்ணி ரோட்டுப் பக்கம் போகாதுங்க" என்று சொல்லியிருக்கிறார். "நீ என்ன இன்ஜினியரா? சொன்ன வேலையப் பாரு" என்று பதில் வந்ததாம். அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா என்னிடம் சொன்னது இதுதான்: "நீ படிச்சுட்டு வாடா. அப்பத்தான் கேப்பாங்க."

அப்பா சொன்ன மாதிரியே ஆனது. தண்ணீர் ரோட்டுப் பக்கம் போகவில்லை. அந்தச் சாக்கடையில் இன்று கொசு மட்டும்தான் நன்றாக வளர்கிறது. மழை பெய்தால் பாத்திரம் கழுவிய தண்ணீர் திரும்பி வாசலுக்கே வந்துவிடும். கட்டியவர்கள் கெட்ட எண்ணத்தோடு கட்டினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் தெருவில் குடியிருக்கிற ஒருத்தரையும் அவர்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பங்கேற்பு என்றால் என்ன?

ஒரு வசதி யாருக்காகக் கட்டப்படுகிறதோ, அவர்களே அதைத் திட்டமிடுவதிலும் முடிவெடுப்பதிலும் பங்கு பெறுவதற்கு 'மக்கள் பங்கேற்பு வடிவமைப்பு' என்று பெயர். குடிநீர்க் குழாய், பள்ளிக்கூடக் கழிப்பறை, பஸ் நிறுத்தம் என எதுவாக இருந்தாலும் இது பொருந்தும்.

ஆனால் பங்கேற்பு என்ற பெயரில் நடப்பதெல்லாம் பங்கேற்பு ஆகிவிடாது. அமெரிக்காவைச் சேர்ந்த ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அம்மையார் 1969இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை எட்டுப் படிகள் உள்ள ஓர் ஏணியாக விளக்கினார். கீழே உள்ள இரண்டு படிகளில் மக்களை ஏமாற்றுவதும் சமாதானப்படுத்துவதும்தான் நடக்கும். நடுவில் உள்ள மூன்று படிகளில் தகவல் சொல்லுவார்கள், கருத்துக் கேட்பார்கள், ஒன்றிரண்டு பேரைக் குழுவில் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் முடிவை அவர்களேதான் எடுப்பார்கள். மேலே உள்ள மூன்று படிகளில்தான் முடிவெடுக்கும் அதிகாரத்தில் மக்களுக்குப் பங்கு கிடைக்கிறது.

நம் ஊர்க் கூட்டங்களை நினைத்துப் பாருங்கள். மேசை போட்டு, மைக் வைத்து, ஏற்கெனவே முடிவான ஒன்றை வாசித்துவிட்டு, நோட்டில் கையெழுத்து வாங்குகிறார்கள். இது ஏணியில் எத்தனையாவது படி என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

கராச்சியில் ஒரு பாடம்

இந்த விஷயத்தில் சிவில் மாணவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஊர் ஒன்று இருக்கிறது. அது பாகிஸ்தானின் கராச்சி நகரத்தில் உள்ள ஒராங்கி. சுற்றுச்சூழல் பொறியியல் வகுப்பில் எங்கள் சார் இதைப் பற்றிச் சொன்ன அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஒராங்கி ஒரு மிகப் பெரிய குடிசைப் பகுதி. 1960களில் தொடங்கி, 1971இல் வங்காளதேசம் பிரிந்த பிறகு அங்கிருந்து வந்தவர்களாலும் வேகமாக வளர்ந்தது. அரசு அனுமதி இல்லாமல் உண்டான ஊர் என்பதால் பாதாளச் சாக்கடை கிடையாது. மலத்தை வாளியில் எடுத்துப் போவதும், கழிவுநீர் சந்திலேயே ஓடுவதும்தான் அங்கே வழக்கம்.

1980இல் அக்தர் ஹமீது கான் என்பவர் அங்கே வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு 65 வயதைத் தாண்டிவிட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்தவர். 1943 வங்காளப் பஞ்சத்தைப் பார்த்த பிறகு அந்தப் பதவியை விட்டுவிட்டு, அலிகார் பக்கம் ஒரு கிராமத்தில் கூலியாகவும், பூட்டு செய்பவரிடம் உதவியாளாகவும் இரண்டு வருடம் வேலை பார்த்தவர். பிறகு கோமில்லாவில் கிராமக் கூட்டுறவுப் பணி செய்து, 1963இல் மகசேசே விருது பெற்றவர். இப்படிப்பட்டவர் ஒராங்கிக்கு வந்ததும் எடுத்தவுடன் எதையும் கட்டவில்லை. சந்து சந்தாக நடந்தார். மக்களோடு பேசினார். உங்களுக்குப் பெரிய கஷ்டம் எது, அதற்கு நீங்கள் என்ன செய்து பார்த்தீர்கள், ஏன் முடியவில்லை என்று கேட்டார்.

இப்படிக் கேட்டதில் நான்கு தடைகள் தெரியவந்தன.

முதலாவது மனத்தடை. 'சாக்கடை கட்டுவது அரசாங்கத்தின் வேலை, அதுவும் இலவசமாகச் செய்ய வேண்டும்' என்று மக்கள் காத்திருந்தார்கள்.

இரண்டாவது பணத்தடை. வழக்கமான டிசைனில், வழக்கமான காண்டிராக்டில் கட்டினால் ஆகும் செலவு ஏழைகளுக்குக் கட்டுப்படியாகாது.

மூன்றாவது தொழில்நுட்பத் தடை. மட்டம் பார்க்கவும், குழாய் பதிக்கவும், கான்கிரீட் போடவும் அவர்களுக்குத் தெரியாது.

நான்காவது சமூகத்தடை. ஒரு வீடு மட்டும் சாக்கடை கட்ட முடியாது. சந்தே சேர வேண்டும். சேர்வதற்கு அங்கே அமைப்பு இல்லை.

இந்த நான்கில் டிசைன் சம்பந்தப்பட்டது இரண்டுதான் என்பதைக் கவனியுங்கள். மீதி இரண்டும் மனிதர் சம்பந்தப்பட்டவை. நம் பாடப்புத்தகம் மூன்றாவது தடையைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது.

அவர்கள் செய்த முறை

சுமார் 20 முதல் 40 வீடுகள் உள்ள ஒரு சந்தை ஓர் அலகாக எடுத்துக்கொண்டார்கள். பரிச்சயமான முகங்கள், ஒருவரை ஒருவர் தினமும் பார்ப்பவர்கள் என்பதால் நம்பிக்கை இருக்கும். அந்தச் சந்துக்காரர்கள் கூடித் தங்களுக்குள் ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர் வந்து கேட்டால்தான் ஒராங்கி திட்டத்தின் தொழில்நுட்பக் குழு அந்தச் சந்துக்குப் போகும். அளவெடுத்து, படம் போட்டு, எஸ்டிமேட் கொடுக்கும். கருவிகளையும் அச்சுகளையும் இரவல் தரும். வேலை சரியாக நடக்கிறதா என்று மேற்பார்வை பார்க்கும்.

ஆனால் பணத்தை மட்டும் தொடாது. வசூல் செய்வது, சாமான் வாங்குவது, கணக்குச் சொல்வது எல்லாம் சந்துக்காரர்களே. எனக்கு மிகவும் பிடித்தது இந்த விதிதான். பணம் யார் கையில் இருக்கிறதோ அவர்கள்தானே முதலாளி?

டிசைனையும் எளிமையாக்கினார்கள். பல இடங்களில் வீட்டுக் குழாய்க்கும் சந்துக் குழாய்க்கும் நடுவே சின்னதாக ஒரு தொட்டி வைத்தார்கள். கசடு அதில் தங்கிவிடுவதால் குழாய் அடைக்காது, சரிவும் அதிகம் தேவைப்படாது. ஆள் இறங்கு குழிகளை இரும்பு அச்சு வைத்து அங்கேயே வார்த்தார்கள். காண்டிராக்டர் லாபமும் இல்லை. இதனால் 1980களில் ஒரு வீட்டுக்குக் கழிப்பறையும் சேர்த்து சுமார் 1,000 பாகிஸ்தான் ரூபாயில் வேலை முடிந்தது. அரசு முறையில் கட்டினால் இதைப் போலப் பல மடங்கு ஆகியிருக்கும்.

எல்லாம் முதல் நாளே சரியாக நடந்துவிடவில்லை. ஆரம்பத்தில் வேலையின் தரத்தில் குறைகள் இருந்தன. அவற்றை ஆராய்ந்து, கான்கிரீட் கலவை, தண்ணீர் ஊற்றி ஆறவைப்பது போன்றவற்றை மக்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லிக் கொடுத்தார்கள். ஆரிஃப் ஹசன், பர்வீன் ரஹ்மான் ஆகிய கட்டடக் கலைஞர்கள் இதில் பெரும் பங்கு வகித்தார்கள். உள்ளூர் இளைஞர்கள் அளவையும் படம் வரைவதும் கற்றுக்கொண்டார்கள். காலப்போக்கில் ஒராங்கியில் 90,000க்கும் அதிகமான வீடுகள் இப்படிச் சொந்த முயற்சியில் சாக்கடை வசதி பெற்றன.

இன்னொரு தெளிவும் அவர்களிடம் இருந்தது. கழிப்பறை, சந்துக் குழாய், தெருக் குழாய் ஆகியவை மக்கள் பொறுப்பு. ஊரின் பெரிய குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் அரசின் பொறுப்பு. மக்கள் தங்கள் பங்கை முடித்தார்கள். அரசின் பங்கு பின்தங்கியதால் கழிவுநீர் நெடுங்காலம் இயற்கை ஓடைகளில்தான் விழுந்தது. ஆகவே பங்கேற்பு என்பது அரசைக் கைகழுவ விடுவது அல்ல. யார் எதைச் செய்ய வேண்டும் என்று படம் போட்டுக் காட்டி, உன் பங்கை நீ செய் என்று கேட்பதும் அதில் சேர்ந்ததுதான். படம் போடுவது சாதாரண விஷயம் இல்லை. கராச்சியின் நீர்வழிகளையும் ஏழைகள் குடியிருக்கும் நிலங்களையும் அளந்து ஆவணமாக்கிய பர்வீன் ரஹ்மான் 2013 மார்ச் 13 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்.

என் முதல் படம்

இதையெல்லாம் கேட்ட வேகத்தில் நானும் எங்கள் தெருவுக்கு ஒரு படம் போட்டேன். அப்பாவின் டியூப் மட்டத்தை எடுத்துக்கொண்டேன். அது ஒரு நீளமான கண்ணாடி டியூப், உள்ளே தண்ணீர், அவ்வளவுதான். 10 மீட்டருக்கு ஒரு இடம் வீதம் 140 மீட்டர் அளந்தேன். தெரு கிழக்கிலிருந்து மேற்கே 62 செ.மீ. இறங்குகிறது. ஏற்கெனவே உள்ள சாக்கடை ரோட்டை நோக்கிப் போவதால் நானும் ரோட்டை நோக்கியே டிசைன் செய்தேன். 200க்கு 1 சரிவு வேண்டும் என்றால் அதற்கு மட்டும் 70 செ.மீ. ஆழம். மேடு 62 செ.மீ. ஆக, ரோட்டுப் பக்கம் 1.32 மீட்டர் கூடுதல் ஆழம் வந்தது. ஆழமாகத் தோண்டினால் சரியாகிவிடும் என்று எழுதி, டிராயிங் ஷீட்டில் மையால் வரைந்து, தெருக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

எல்லாரும் பார்த்தார்கள். "நல்லா இருக்கு தம்பி" என்றார்கள். போய்விட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு அப்பாவையும் அம்மாவையும் தவிர யாரும் வரவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. "இவங்களுக்கு எதுவும் புரியாது" என்று அம்மாவிடம் கத்தினேன். அப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்கு என்கிட்ட சொன்னதும் இதே பேச்சுதாண்டா."

நண்பர்களே, அந்த வார்த்தைக்கு என்னிடம் பதில் இல்லை. அப்பா என்னைப் படிக்க அனுப்பியது நாலு பேர் அவர் பேச்சைக் கேட்க வேண்டும் என்பதற்காக. நானோ படித்ததும் யார் பேச்சையும் கேட்காத ஆளாகிக்கொண்டிருந்தேன்.

கோலப்பொடிப் படம்

மறுநாள் எதிர்வீட்டு ஆச்சியிடம் போய், படத்தில் என்ன குறை என்று கேட்டேன். "இதுல என் வீடு எங்கப்பா இருக்கு?" என்றார் அவர். அப்போதுதான் புரிந்தது. நாம் செமஸ்டர் கணக்கில் படித்துக் கற்றுக்கொண்ட படமொழியை அவர்கள் ஒரே நாளில் படிக்க வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறேன்.

அம்மா ஒரு யோசனை சொன்னார். கோலப்பொடி எடுத்து வந்து தெருவிலேயே வரைந்தோம். வீட்டுக்கு ஒரு செங்கல் துண்டு, குழாய்க்கு ஒரு கூழாங்கல், வேப்பமரத்துக்கு ஒரு இலை. பத்து நிமிஷத்தில் பெண்கள் கூடிவிட்டார்கள். "எங்க வீடு இன்னும் தள்ளி", "மழை பெஞ்சா தண்ணி இங்கதான் நிக்கும்", "இந்த இடத்துல வேர் ஓடுது, தோண்ட முடியாது" என்று ஆளாளுக்குத் திருத்தினார்கள். நான் வெறுமனே எழுதிக்கொண்டேன்.

ஆச்சி மேற்குப் பக்கம் கையைக் காட்டி, "தண்ணிய ஏண்டா மேட்டுக்கு ஓட்டுற? கருவேலுக்குப் பின்னாடி கண்மாய்க்குப் போற ஓடை இருக்குல்ல. நான் கல்யாணம் ஆகி வந்தப்ப அதுலதான் துணி துவைச்சோம்" என்றார்.

எனக்கு அது தெரியாது. நான் பிறந்ததிலிருந்து அங்கே புதரைத்தான் பார்த்திருக்கிறேன். கிராம நிர்வாக அலுவலரிடம் போய் வரைபடத்தைப் பார்த்தால், ஓடைப் புறம்போக்கு என்று தெளிவாக இருக்கிறது! மேற்கே திருப்பினால் தெருவின் சரிவே ஏறக்குறைய 225க்கு 1. அரையடிக்கும் குறைவாகக் கூடுதலாக வெட்டினால் போதும். குழந்தைகள் விழுந்துவிடும் ஆழமான பள்ளமே தேவையில்லை.

அதோடு முடியவில்லை. மேற்குக் கடைசி வீட்டு மாமா எதிர்த்தார். "ஊர்த் தண்ணியெல்லாம் என் வாசல்ல வந்து நிக்கணுமா?" என்றார். சிலர் அவரைத் திட்டினார்கள். யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டது நியாயம். வாய்க்காலை அவர் வீட்டைத் தாண்டி இன்னும் 12 மீட்டர் நீட்டி, ஓடையில் சேர்வதற்கு முன் கல்லும் மணலும் போட்ட ஒரு வடிகுழி வைப்பது என்று மாற்றினோம். எங்கள் வீடுகளில் கழிப்பறைக்குத் தனியாக உறிஞ்சுகுழி இருப்பதால் குளியல், சமையல் தண்ணீர் மட்டும்தான் வாய்க்காலுக்கு வரும். வீட்டுக்கு ஒரு வண்டல் தொட்டி வைத்தால் கசடும் வராது. இது ஒராங்கியில் கற்றது. பணத்தை மகளிர் சுயஉதவிக் குழுக் கணக்குப் பார்க்கும் அத்தையிடம் ஒப்படைத்தோம். அதுவும் ஒராங்கியில் கற்றதுதான்.

இதை எழுதும் நாள் வரைக்கும் 21 வீடுகளில் தொட்டி கட்டியாகிவிட்டது. உடைகல், மிச்சச் செங்கல், சொந்த உழைப்பு என்று வீட்டுக்குச் சுமார் 450 ரூபாய் ஆனது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து புதரை வெட்டினோம். பொது வாய்க்காலைப் பஞ்சாயத்துதான் திருத்திக் கட்ட வேண்டும். கிராமசபையில் படத்தையும் எஸ்டிமேட்டையும் வைத்தோம். தீர்மானம் நிறைவேறியிருக்கிறது, வேலை இன்னும் தொடங்கவில்லை. 13 வீட்டுக்காரர்கள், "மொதல்ல வாய்க்கால் வரட்டும்" என்கிறார்கள். அவர்களையும் நான் தப்பு சொல்ல மாட்டேன். ஒரு தடவை ஏமாந்தவர்கள்.

நாம் செய்யக்கூடியவை

டிப்ளமோ மாணவர்களாகிய நமக்கு இதில் பெரிய வேலை இருக்கிறது. மேலதிகாரிக்கும் மேஸ்திரிக்கும் நடுவில் நிற்கப்போகிறவர்கள் நாம்தான். எந்தப் பிரிவாக இருந்தாலும் கீழ்க்கண்டவற்றை நினைவில் வையுங்கள்.

1. அளப்பதற்கு முன் கேளுங்கள். "என்ன வேண்டும்?" என்பதோடு, "இதுக்கு முன்னாடி என்ன செஞ்சீங்க? ஏன் நின்னுபோச்சு?" என்றும் கேளுங்கள்.

2. மக்கள் திருத்தக்கூடிய படம் போடுங்கள். மையில் வரைந்ததைத் திருத்த எல்லாருக்கும் பயம். கோலப்பொடியை யாரும் காலால் அழிக்கலாம்.

3. கூட்டத்துக்கு வராதவர்களைத் தேடிப் போங்கள். தண்ணீரோடு அன்றாடம் மல்லுக்கட்டுவது பெண்கள். கூட்டத்தில் பேசுவதோ ஆண்கள். வேலை முடிந்து அவர்கள் ஓய்வாக இருக்கும் நேரத்தில் கூட்டம் வையுங்கள்.

4. எதிர்ப்பவரை விரோதியாக்காதீர்கள். டிசைனில் எங்கே ஓட்டை என்று இலவசமாகச் சொல்பவர் அவர்தான்.

5. கணக்கைத் தெருவிலேயே விடுங்கள். நாம் படமும் மேற்பார்வையும் கொடுப்போம்.

6. சட்டம் தந்த இடத்தைப் பயன்படுத்துங்கள். 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி கிராமசபைக்கு அரசியல் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2022 முதல் அது ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. 18 வயது நிரம்பி, ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்களும் அதில் உறுப்பினர். வெறும் மனுவோடு போகாமல், அளவோடும் எஸ்டிமேட்டோடும் போய்ப் பாருங்கள். மரியாதையே வேறு!

முடிவுரை

மக்களைக் கேட்டால் இன்ஜினியருக்கு வேலை குறைந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு வேலை கூடத்தான் செய்தது. ஒரு தடவை போட்ட படத்தை நான்கு தடவை போட்டேன். ஆனால் நான்காவது படம் என்னுடையது என்று யாரும் சொல்வதில்லை, 'நம்ம தெருப் படம்' என்கிறார்கள். அதைவிடப் பெரிய மார்க் எனக்கு வேண்டாம்.

கிராமசபையில் படத்தை விரித்தபோது சரிவைப் பற்றி ஒருவர் சந்தேகம் கேட்டார். நான் எழுந்திருக்கவில்லை. அப்பாவைக் கை காட்டினேன். அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு எழுந்து, மட்டம் எப்படிப் பார்த்தோம் என்று ஐந்து நிமிஷம் பேசினார். எல்லாரும் கேட்டார்கள்.

நண்பர்களே, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் தெருவையும் ஒரு தடவை அளந்து பாருங்கள். டம்பி லெவல் இல்லாவிட்டால் பரவாயில்லை, ஒரு டியூபும் தண்ணீரும் போதும். அளப்பதற்கு முன்னால் எதிர்வீட்டு ஆச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.